கத்தி படுவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்

குடல் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில், டிஸ்சார்ஜ் சீட்டில் ஆண்டிபயாடிக் மாத்திரை இருக்கிறதா என்றுதான் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் பார்க்கின்றன. இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் டாக்டர் எழுத மறந்துவிட்டாரோ என்ற கவலை. திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றங்கரைத் தெருக்களிலிருந்து மெடிக்கல் காலேஜுக்கும், அதே வளாகத்தில் இருக்கும் ஆர்.சி.சி. என்ற மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும், நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் போய்வரும் தமிழ்க் குடும்பங்களிடம் இந்தக் கவலையை அடிக்கடி கேட்கிறேன். அக்கறையில் பிறக்கிற கவலைதான், ஆனால் நேரம் தவறிப் பிறக்கிறது. காயத்தில் சீழ் பிடிக்குமா பிடிக்காதா என்பதில் மருந்தின் பங்கு பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டரிலேயே முடிந்துவிடுகிறது. கத்தி படுவதற்கு முன், ஒரு மணி நேரத்துக்குள் இரத்தக் குழாய் வழியே ஏற்றிய ஊசி மருந்துதான் அந்தப் பங்கு. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது அதைப் பற்றி.

குடல் ஆபரேஷனை மற்ற ஆபரேஷன்களோடு சேர்த்து எண்ண முடியாது. முழங்கால் மூட்டு மாற்றும்போது கிருமி வெளியிலிருந்து, தோலிலிருந்து வர வேண்டும். குடலைத் திறக்கும்போது கிருமி உள்ளேயே இருக்கிறது. பெருங்குடலில் உள்ள மலத்தில் ஒரு கிராமுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி பாக்டீரியா உண்டு. இ.கோலை, கிளெப்சியெல்லா, என்டெரோகாக்கஸ், இவற்றைவிடப் பல மடங்கு அதிகமாக, காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீராய்ட்ஸ் வகைகள். குடலுக்குள் இருக்கும்வரை இவற்றால் தொல்லை இல்லை; செரிமானத்துக்கு உதவி செய்யவும் செய்கின்றன. புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுத்துக் குடலின் இரு முனைகளையும் இணைக்கும்போதோ, அடைப்பை நீக்கும்போதோ, வெளியே வைத்த குடல்வாயை மறுபடி உள்ளே வைத்து மூடும்போதோ, சர்ஜன் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு துளியாவது சிந்தும். அந்த ஒரு துளியே வயிற்றின் கொழுப்புப் படலத்தில் சீழ் வைக்கப் போதும்.

எவ்வளவு பேருக்கு வைக்கும்? தடுப்பு மருந்து கொடுக்காமல் செய்த பழைய ஆய்வுகளையும் கொடுத்துச் செய்த ஆய்வுகளையும் ஒன்றுசேர்த்து காக்ரேன் அமைப்பு 2014-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. 260 ஆய்வுகள், 43,451 நோயாளிகள். ஆண்டிபயாடிக் இல்லாதபோது காயத்தில் தொற்று 39 சதவீதம். கொடுத்தபோது 13 சதவீதம். மருத்துவத்தில் இவ்வளவு தெளிவான வேறுபாடு அடிக்கடி கிடைப்பதில்லை. 1981-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் அதுவரை வந்த முடிவுகளைக் கூட்டிப் பார்த்து, குடல் ஆபரேஷனில் மருந்தே கொடுக்காத ஒரு குழுவை வைத்து இனி ஆய்வு செய்யக் கூடாது என்று எழுதினார்கள். தொற்று மட்டுமில்லை, மரணமும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

ஆக, மருந்து வேண்டுமா என்ற கேள்வி முடிந்து நாற்பது ஆண்டுக்கு மேலாகிறது. எப்போது கொடுப்பது, எவ்வளவு நாள் கொடுப்பது என்பதில்தான் இன்றும் நம் வார்டுகளிலும் வீடுகளிலும் குழப்பம்.

நேரத்தைப் பற்றிய பாடம் கினிப் பன்றிகளிடமிருந்து வந்தது. பாஸ்டன் நகரத்து சர்ஜன் ஜான் பர்க், அந்தப் பிராணிகளின் தோலில் கிருமியை ஊசியால் செலுத்தி, ஆண்டிபயாடிக்கை வெவ்வேறு நேரங்களில் கொடுத்துப் பார்த்தார். முடிவு 1961-இல் வெளியானது. கிருமி நுழையும்போதே மருந்து உடம்பில் இருந்தால், கொப்புளம் கிட்டத்தட்ட எழும்பவே இல்லை. மருந்து தாமதமாகத் தாமதமாகப் பலன் குறைந்துகொண்டே வந்தது. மூன்று மணி நேரம் கடந்தபின் கொடுத்த மருந்தும், கொடுக்காமல் விட்டதும் ஒன்றாகவே இருந்தன.

இதன் காரணத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். வயிற்றைக் கீறியவுடன் வெட்டுவாயில் இரத்தம் கசிந்து உறைகிறது. அறுபட்ட சிறு இரத்தக் குழாய்கள் சுருங்கி அடைத்துக்கொள்கின்றன. அந்த ஓரத்துக் கொழுப்பும் தசையும் சில மணி நேரம் இரத்த ஓட்டம் குறைந்தே கிடக்கின்றன. சிந்திய கிருமிகள் அந்த உறைவுக்குள் மாட்டிக்கொண்டு பெருகத் தொடங்குகின்றன. மருந்து அங்கே போய்ச் சேர வேண்டுமானால் இரத்தத்தில்தான் போக வேண்டும். பாதை அடைபட்ட பிறகு எத்தனை மாத்திரை விழுங்கினாலும் போதிய அளவு போய்ச் சேராது. கத்தி படும் முன்பே இரத்தத்தில் மருந்து நிறைந்திருந்தால் கதை வேறு. கசிகிற இரத்தத்தோடு மருந்தும் கசிகிறது, உறைகிற உறைவுக்குள் மருந்தும் இருக்கிறது, கிருமி வந்து விழும் இடமே அதற்கு நஞ்சாகிவிடுகிறது. இடவப்பாதிப் பருவமழை தொடங்கும் முன் ஓடு மாற்றுவது போன்ற வேலை இது. ஒழுகத் தொடங்கிய பிறகு செய்து பயனில்லை.

மனிதர்களிடம் இதைக் காட்டிய ஆய்வு 1992-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியிலிருந்து வந்தது. 2,847 நோயாளிகளுக்கு ஊசி எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று குறித்துப் பார்த்தார்கள். கத்தி படுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் போட்டவர்களில் 0.6 சதவீதம் பேருக்குத்தான் தொற்று. ஆபரேஷன் தொடங்கி மூன்று மணி நேரத்துக்குப் பிறகு போட்டவர்களில் 3.3 சதவீதம். பலரும் எதிர்பாராதது என்னவென்றால், இரண்டு மணி நேரத்துக்கும் முன்னதாக, அவசரப்பட்டுப் போட்டவர்களிலும் 3.8 சதவீதம். சீக்கிரம் போட்டாலும் பிழை, தாமதமாகப் போட்டாலும் பிழை. மருந்து சிறுநீரில் வெளியேறிக்கொண்டே இருக்கிறது அல்லவா! வார்டிலேயே காலை ஆறு மணிக்குப் போட்டுவிட்டு, முந்தைய கேஸ் இழுத்துப்போய்ப் பத்து மணிக்கு மேசையில் ஏற்றினால், அந்த ஊசி கணக்கில் இருக்கும், இரத்தத்தில் போதிய அளவு இருக்காது.

அதனால்தான் இன்று இந்த ஊசியைத் தியேட்டரில், மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில், அனஸ்தீசியா டாக்டரே போடுவது நல்ல வழக்கமாகிவிட்டது. குடலுக்குப் பொதுவாகக் கொடுப்பது இரண்டு மருந்து. செஃபசோலின் இரண்டு கிராம், தோலின் கிருமிகளையும் இ.கோலை போன்றவற்றையும் பார்த்துக்கொள்ளும். மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம், காற்றில்லா இடத்துக் கிருமிகளுக்கு. உடல் எடை 120 கிலோவைத் தாண்டினால் செஃபசோலின் மூன்று கிராம். ஆபரேஷன் நான்கு மணி நேரத்தைக் கடந்தாலோ, ஒன்றரை லிட்டருக்கு மேல் இரத்தம் போனாலோ செஃபசோலினை இன்னொரு முறை கொடுக்க வேண்டும். மலக்குடல் புற்றுநோய் ஆபரேஷன்கள் நான்கு மணி நேரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். இந்த இரண்டாவது ஊசிதான் மறக்கப்படுகிறது. எல்லோர் கவனமும் வயிற்றுக்குள் இருக்கும் நேரம் அது.

மறதிக்கு மருந்தாக உலக சுகாதார அமைப்பு ஒரு பக்கத் தாள் ஒன்றை உருவாக்கியது. அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் என்று அதற்குப் பெயர். அதில் 19 இடங்களில் டிக் போட வேண்டும். அவற்றில் ஒன்று, கடந்த 60 நிமிடங்களுக்குள் ஆண்டிபயாடிக் கொடுத்தாயிற்றா என்பது. தியேட்டரில் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று, வாய்விட்டுக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் இதைச் சோதித்த முடிவு 2009-இல் வந்தது. காயத் தொற்று 6.2 சதவீதத்திலிருந்து 3.4-க்கு இறங்கியது. மரணம் 1.5-லிருந்து 0.8-க்கு. புது மருந்தும் இல்லை, புது மெஷினும் இல்லை. இருக்கிற மருந்தை உரிய நேரத்தில் கொடுத்ததும், இன்னும் சில அடிப்படை வேலைகளைத் தவறாமல் செய்ததும்தான். எனக்கு இந்த ஆய்வின் மேல் தனி மதிப்பு உண்டு, ஏனென்றால் பணமில்லாத ஆஸ்பத்திரியும் நாளைக்கே செய்யக்கூடியதை அது சொல்கிறது.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் குடலைச் சுத்தம் செய்யும் பேதி மருந்தைப் பற்றிப் பலருக்கும் தெரியும். பொடியை இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரவெல்லாம் கக்கூசுக்கு நடப்பது. மலம் போய்விட்டால் கிருமியும் போய்விடும் என்பது எளிய கணக்கு. ஆனால் பேதி மருந்து தனியாக நின்று தொற்றைக் குறைப்பதில்லை. அதோடு ஆண்டிபயாடிக் மாத்திரையையும் விழுங்கச் சொன்னால் பலன் தெரிகிறது. 1970-களில் அமெரிக்க சர்ஜன்கள் நிக்கல்ஸ், காண்டன் இருவரும் நியோமைசின், எரித்ரோமைசின் மாத்திரைகளை முந்தைய நாள் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1977-இல் வெளியான ஓர் ஆய்வில், வெற்று மாத்திரை விழுங்கியவர்களில் 43 சதவீதம் பேருக்குச் சீழ்ச் சிக்கல். மருந்து விழுங்கியவர்களில் 9 சதவீதம். பிறகு நல்ல ஊசி மருந்துகள் வந்ததும் இந்த மாத்திரை வழக்கம் பல நாடுகளில் கைவிடப்பட்டது. இப்போது திரும்பி வந்திருக்கிறது. ஃபின்லாந்திலிருந்து 2019-இல் வந்த ஆய்வு பேதி மருந்தும் மாத்திரையும் சேர்ந்தாலும் தெளிவான லாபம் இல்லை என்றது. பிரான்சில் 926 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், ஆபரேஷனுக்கு 12 மணி நேரம் முன் ஆர்னிடசோல் ஒரு கிராம், ஒரே ஒரு முறை விழுங்கியதில், தொற்று 22 சதவீதத்திலிருந்து 13 ஆனது. காக்ரேன் தொகுப்பும் ஊசியும் மாத்திரையும் சேர்வது ஊசி மட்டும் போடுவதைவிட நல்லது என்கிறது. உலக சுகாதார அமைப்பின் 2016 வழிகாட்டியும் அந்தப் பக்கமே சாய்கிறது: பேதி மருந்தை மட்டும் கொடுக்காதே, கொடுத்தால் மாத்திரையோடு கொடு. உங்கள் சர்ஜன் முந்தைய நாள் இரண்டு வேளை மாத்திரை எழுதியிருந்தால், மணி பார்த்து விழுங்குங்கள். அது வீட்டில் உங்கள் கையில் இருக்கும் பொறுப்பு. பேதி ஆகிக்கொண்டிருக்கும்போது மாத்திரை எதற்கு என்று விட்டுவிடாதீர்கள்.

இனி, நிறுத்துவது. தையல் போட்டு முடித்த பிறகு தடுப்பு மருந்தைத் தொடர வேண்டாம் என்பது அதே 2016 வழிகாட்டியின் உறுதியான பரிந்துரை. நம் நாட்டில் பல இடங்களில் இது இன்னும் நடப்பதில்லை. மூன்று நாள் ஊசி, பிறகு ஐந்து நாள் மாத்திரை என்ற பழக்கம் தொடர்கிறது. வார்டு நெரிசல், சுத்தத்தின் மேல் நம்பிக்கையின்மை, ஏதாவது ஆகிவிட்டால் உறவினர்கள் கேட்பார்களே என்ற பயம் எல்லாம் காரணம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீட்டித்த மருந்து அந்தப் பயத்துக்குப் பதில் தருவதில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் செய்துகொண்ட 79,058 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். மருந்தை நாள்கணக்கில் நீட்டியதால் காயத் தொற்று குறையவில்லை. சிறுநீரகப் பாதிப்பு கூடியது. க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமியால் வரும் கடும் வயிற்றுப்போக்கும் கூடியது. குடலைத் தைத்த நோயாளிக்கு அந்த வயிற்றுப்போக்கு எப்படிப்பட்ட வேதனை என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அப்பென்டிக்ஸ் உடைந்து, குடல் ஓட்டையாகி, ஆஸ்பத்திரிக்கு வரும்போதே வயிற்றுக்குள் சீழ் இருந்தால், கொடுக்கிற ஆண்டிபயாடிக் தடுப்பு மருந்தாக இல்லை, சிகிச்சையாகவே கொடுக்கப்படுகிறது. சில நாள் தொடர வேண்டும். அங்கும் நாள் சுருங்கிக்கொண்டு வருகிறது: சீழை நன்றாக வடித்துவிட்டால் நான்கு நாள் மருந்தும் எட்டு நாள் மருந்தும் ஒரே பலன் என்று 2015-இல் 518 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு காட்டியது. அப்பென்டிக்ஸ் உடையாமல் எடுத்துவிட்டால் பிறகு மருந்தே வேண்டாம். ஆகவே, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் ஊசி போட்டார்கள், நமக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பதில், இரண்டு வயிறும் திறக்கும்போது ஒரே நிலையில் இல்லை என்பதுதான்.

இப்போது கரமனை மெடிக்கல் ஷாப்புக்கு வருவோம். சளிக்கும் தொண்டை வலிக்கும் கவுன்டரில் கேட்டு வாங்கும் அமாக்சிசிலினுக்கும் அசித்ரோமைசினுக்கும், என்றோ ஒரு நாள் நடக்கப்போகும் குடல் ஆபரேஷனுக்கும் என்ன தொடர்பு? நேரான தொடர்பு இருக்கிறது. நாம் விழுங்கும் ஒவ்வொரு ஆண்டிபயாடிக்கும் குடலின் கிருமிக் கூட்டத்தைத் தொடுகிறது. மருந்துக்கு மடிபவை மடிகின்றன, மடியாதவை அந்த இடத்தைப் பிடிக்கின்றன. அவற்றால் அப்போது காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. மாதக்கணக்கில் சத்தமில்லாமல் குடலில் குடியிருக்கும். ஆபரேஷன் மேசையில் குடல் திறக்கும் அன்று சிந்துவது அந்தக் கிருமிதான். செஃபசோலின் குறித்த நேரத்தில் போட்டிருந்தாலும் அதனிடம் எடுபடாது.

இது ஊகம் இல்லை. இஸ்ரேல், சுவிட்சர்லாந்து, செர்பியா ஆஸ்பத்திரிகளில் குடல் ஆபரேஷனுக்கு வந்தவர்களை முன்கூட்டியே சோதித்து, செஃபலோஸ்போரின் மருந்துகளை உடைத்துப்போடும் இ.எஸ்.பி.எல். நொதி கொண்ட கிருமி யார் குடலில் இருக்கிறது என்று பார்த்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான ஊசியே. அந்தக் கிருமி இல்லாதவர்களில் 11.1 சதவீதம் பேருக்குத் தொற்று; இருந்தவர்களில் 24.8 சதவீதம். 2019-இல் வந்த முடிவு. இரண்டு மடங்குக்கும் மேல்.

நம் பக்கத்து நிலைமை அந்த நாடுகளைவிடக் கடினம். 2010-இல் லான்செட் குழும இதழ் ஒன்றில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்த கட்டுரை வந்தபோது நாடே அதிர்ந்தது. கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கார்பபெனெம் மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) என்ற நொதி கொண்ட கிருமிகள் சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் கிடைத்திருந்தன. அவற்றில் பெரும்பாலானவை எந்தக் கிருமிகள்? குடலில் வாழும் இ.கோலையும் கிளெப்சியெல்லாவும்தான். பெயரில் டெல்லி இருப்பதைப் பற்றி அப்போது எழுந்த கூச்சலில், அவை எங்கே குடியிருக்கின்றன என்ற பேச்சு பின்னுக்குப் போய்விட்டது. இரண்டாண்டு கழித்து, 2012-இல், சென்னையில் மருத்துவச் சங்கங்கள் கூடி, சீட்டில்லாமல் ஆண்டிபயாடிக் விற்பதைக் கட்டுப்படுத்தும் திட்டத்தைச் சென்னைப் பிரகடனமாக முன்வைத்தன. 2014 மார்ச்சில் எச்-1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதன்படி அந்தப் பட்டியலில் உள்ள ஆண்டிபயாடிக்குகளை விற்கும் கடைக்காரர் டாக்டரின் பெயரையும் நோயாளியின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

கேரளம் இதில் முன்னே நடந்தது என்று தயங்காமல் சொல்லலாம். 2018-இல் மருந்துக்கு அடங்காத கிருமிகளை எதிர்கொள்ள மாநில அளவில் செயல்திட்டம் வகுத்த முதல் இந்திய மாநிலம் இது. கார்சாப் என்று அதைச் சுருக்கமாகச் சொல்கிறார்கள். 2024 ஜனவரியில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆபரேஷன் அம்ருத் என்ற பெயரில் கடைகளைத் திடீர்ச் சோதனை செய்யத் தொடங்கியது. சீட்டில்லாமல் ஆண்டிபயாடிக் தர மாட்டோம் என்ற அறிவிப்பைக் கடைகளில் ஒட்ட வைத்தார்கள். மற்ற மாத்திரைகளோடு கலந்துவிடாமல் இருக்க, ஆண்டிபயாடிக்கை நீல நிறக் கவரில் போட்டுத் தரும் ஏற்பாடும் வந்தது. விற்பனை 20 முதல் 30 சதவீதம் குறைந்ததாக மாநில அரசு சொல்லியிருக்கிறது. கடைக்காரர் சீட்டு கேட்டால் கோபித்துக்கொள்ளும் பெரியவர்களை நம் தெருவிலும் பார்க்கலாம். அவர் மறுப்பது அவர்களுடைய நாளைய ஆபரேஷனையும் சேர்த்துக் காக்கிறது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். கடந்த சில மாதங்களில் ஆண்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால், ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தால், சர்ஜன் கேட்காமலே அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். எந்த ஊசி என்று தீர்மானிக்க அவருக்கு அது வேண்டிய தகவல்.

அதேபோல, பென்சிலின் ஆகாது என்று சீட்டில் எழுதிய ஒரு வரி. சின்ன வயதில் ஒரு தடவை மாத்திரை சாப்பிட்டு வாந்தி வந்ததை வைத்து அம்மா சொன்னது, ஐம்பது ஆண்டாகக் கூடவே வரும். அந்த வரியைப் பார்த்ததும் டாக்டர் செஃபசோலினை விட்டுவிட்டு வேறு மருந்துக்குப் போக நேரும். அது அவ்வளவு நன்றாகக் காப்பதில்லை. அப்படிப்பட்டவர்களுக்குக் காயத் தொற்று வாய்ப்பு 50 சதவீதம் கூடுதலாக இருந்ததை ஓர் அமெரிக்க ஆய்வு 2018-இல் காட்டியது. ஆகவே ‘அலர்ஜி உண்டு’ என்பதோடு நிறுத்தாமல், எந்த மருந்து, எந்த வயதில், என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியதா, வயிறு மட்டும் கலங்கியதா? இரண்டும் ஒன்றல்ல.

மருந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மற்றவை மறைந்துவிடும். வெட்டப்போகும் இடத்து முடியை முந்தைய இரவு பிளேடால் மழிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறுகிறது. முடியை எடுக்காமலே விடலாம், எடுக்கத்தான் வேண்டுமென்றால் கிளிப்பரால் வெட்ட வேண்டும். கேரளத்தில் பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கூறுகிறது. ஆபரேஷன் அன்றும் அடுத்த நாள்களிலும் சர்க்கரை 200-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது ஆண்டிபயாடிக்குக்கு நிகரான காவல். புகை பிடிப்பவர் நான்கு வாரம் முன்பே நிறுத்தினால் காயம் ஆறுவதில் வேறுபாடு தெரியும்.

உடம்புச் சூட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் நினைப்பதே இல்லை. ஏ.சி. தியேட்டரில், வயிறு திறந்து, மூன்று நான்கு மணி நேரம் படுத்திருப்பவரின் உடல் குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்தால் தோலுக்கும் கொழுப்புக்கும் போகும் இரத்தம் குறையும். இரத்தத்தோடு போகும் பிராண வாயுவும் மருந்தும் குறையும். 1996-இல் குடல் ஆபரேஷன் செய்துகொண்ட 200 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியினரை வெப்பக் காற்றுப் போர்வையும் சூடாக்கிய ட்ரிப்ஸும் கொடுத்துக் கதகதப்பாக வைத்தார்கள். குளிர்ந்தவர்களில் 19 சதவீதம் பேருக்குக் காயத் தொற்று, கதகதப்பாக இருந்தவர்களில் 6 சதவீதம். ஒரு போர்வை செய்த வேலை!

இந்தியாவும் பங்கேற்ற ஓர் ஆய்வு 2022-இல் வந்தது. ஏழு நாடுகள், 81 ஆஸ்பத்திரிகள், 13,301 நோயாளிகள். வயிற்றின் உள்வேலை முடிந்து தையல் போடத் தொடங்கும் முன், சர்ஜனும் உதவியாளர்களும் கையுறையைக் கழற்றிப் புதிதாக மாட்டி, கருவிகளையும் புதிதாக எடுக்க வேண்டும். அவ்வளவுதான் மாற்றம். தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 ஆனது. குடலைத் தொட்ட கையுறையோடு தோலைத் தைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தால் வியப்பில்லை.

வீட்டுக்கு வந்தபின், ஆஸ்பத்திரியில் பைஸ்டாண்டராகத் துணைக்கு இருந்தவரே பெரும்பாலும் காயத்தையும் பார்த்துக்கொள்கிறார். காயத் தொற்று ஆபரேஷன் முடிந்து 30 நாள்வரை தலைகாட்டலாம். பல நேரம் டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான் தெரியும். தினமும் நல்ல வெளிச்சத்தில், கையைக் கழுவிவிட்டு, தையல் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பாருங்கள். ஓரத்தில் மெல்லிய சிவப்பு இருப்பது ஆறுவதன் ஒரு பகுதி. அந்தச் சிவப்பு நாளுக்கு நாள் அகன்றால், தொட்டால் சுட்டால், ஓரிடம் மட்டும் உப்பி வலித்தால், மஞ்சளாகவோ நாற்றத்தோடோ ஏதாவது வடிந்தால் அன்றே காட்ட வேண்டும். அங்கே டாக்டர் முதலில் செய்வது இரண்டு மூன்று தையலைப் பிரித்துச் சீழை வெளியே விடுவது. அதுதான் சிகிச்சை, பல பேருக்கு அதுவே போதும். சிவப்பு காயத்தின் ஓரத்தைத் தாண்டி ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவியிருந்தாலோ, காய்ச்சல் கடுமையாக இருந்தாலோ, நாடித் துடிப்பு எகிறினாலோ ஆண்டிபயாடிக் சேர்ப்பார்கள்.

இதைவிட ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாதது: இணைத்த குடல் உள்ளே கசிவது. பெரும்பாலும் ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சில சமயம் அதற்கும் பிறகு. தேறி வந்தவர் திடீரென்று சோர்ந்துபோவார், சாப்பாடு பிடிக்காது, வயிறு உப்பும், வலி குறைவதற்குப் பதில் கூடும், நாடி வேகமாக ஓடும். மேலே காயம் சுத்தமாகவே இருக்கும். இந்த நிலையில் வீட்டில் மிச்சமிருக்கும் ஆண்டிபயாடிக்கைக் கொடுத்தால் காய்ச்சல் இரண்டு நாள் அடங்கி, கசிவு மறைந்து, நேரம் கைநழுவிப்போகும். தாமதிக்காமல் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோக வேண்டும். இரவு என்று பார்க்காதீர்கள். மிச்ச மாத்திரை வீட்டில் இருப்பதே நல்லதல்ல. பயன்படாத மருந்துகளைச் சேகரித்து முறையாக அழிக்கும் என்பிரவுட் திட்டத்தைக் கேரளம் 2025-இல் கோழிக்கோட்டில் தொடங்கியிருக்கிறது. எல்லா ஊருக்கும் அது வர வேண்டும்.

சீழ் எடுத்தால், ஆண்டிபயாடிக் தொடங்கும் முன் அதில் கொஞ்சம் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்ற ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதைப் பார்த்து டாக்டர் மருந்தை மாற்றலாம், குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். அந்தத் தாளின் ஒரு நகலை டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்து வையுங்கள். குடல்வாயை வெளியே வைத்திருக்கும் நோயாளிக்குச் சில மாதத்தில் அதை மூடும் ஆபரேஷன் இருக்கும். அன்று கத்தி படும் முன் எந்த ஊசியை ஏற்றுவது என்று முடிவு செய்ய அனஸ்தீசியா டாக்டர் கேட்கக்கூடிய தாள் அதுதான்.